வெள்ளிக்கிழமை அப்பா

பொறியியல் இரண்டாம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் பக்கத்து ஊர் சபையில் வி.பி.எஸ். நடத்தப் போயிருந்தேன். விடுமுறை வேதாகமப் பள்ளி. தென் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, எந்த மதமானாலும், இதை விளக்க வேண்டியதில்லை. பத்து நாள். கைதட்டிப் பாட்டு, ஒரு கதை, ஒரு மனப்பாட வசனம், கலர் பென்சில், கடைசியில் ரஸ்னாவும் இரண்டு பிஸ்கட்டும். எனக்கு ஒதுக்கிய பாடம் கடவுளின் தகப்பன் அன்பு. ஆசிரியர் கையேட்டில் போட்டிருந்தபடியே, "உங்க அப்பா உங்களுக்கு என்னல்லாம் செய்வாங்க?" என்று ஆரம்பித்தேன். சைக்கிள், திருவிழா, புரோட்டா என்று பதில்கள் வந்தன. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைத் தூக்கினான். அவன் அப்பா குவைத்தில் இருந்தார்.

"எங்கப்பா வெள்ளிக்கிழம பேசுவாங்க."

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் லீவு. நானும் விடவில்லை. "கடவுளும் அப்பா மாதிரிதான். நம்மகூடப் பேசுவாரு" என்றேன்.

"ஏசப்பாவும் வெள்ளிக்கிழமதான் பேசுவாங்களாண்ணே?"

யாரும் சிரிக்கவில்லை. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு வெள்ளிக்கிழமை அப்பாதான். "இல்லடே, அவரு தெனமும் பேசுவாரு" என்று சமாளித்தேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு அடுத்ததைக் கேட்டான்: "தெனமும் பேசினா அப்போ வேலைக்கு எப்பம் போவாங்க? பைசா யாரு அனுப்புவா?"

நான் அவசரமாகப் பாட்டுக்குத் தாவினேன். அந்தக் கோடைக்குப் பிறகு சபையும் மெல்ல என்னைவிட்டுப் போய்விட்டது, அல்லது நான் அதைவிட்டு. ஆனால் அந்த இரண்டு கேள்விகளும் போகவில்லை. கிறிஸ்தவ மிஷன் இலக்கியத்தில் குழந்தைகளைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசிக்கும்போதெல்லாம் அவை குறுக்கே வந்து நிற்கின்றன. இந்த நூல்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: நாங்கள் குழந்தைகளைப் பராமரிக்கப் போனோம், கடவுள் எப்படிப்பட்ட தகப்பன் என்று கற்றுக்கொண்டோம். உண்மையில் என்ன கற்றுக்கொண்டார்கள்? அது அந்தப் பக்கங்களில் தெரிகிறதா? இந்தக் கட்டுரைக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்.

சென்ற வருடம் ஆன்சைட் வேலையாக எட்டு மாதம் லைப்சிக் நகரில் இருந்தேன். மனைவியும் நான்கு வயது மகளும் நாகர்கோவிலில். லைப்சிக்கிலிருந்து ஹாலே நகரம் ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாமல் அங்கே போனேன். ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே என்ற போதகர் அங்கே 1698ல் கட்டத் தொடங்கிய அநாதை விடுதி இன்றும் இருக்கிறது. பெரிய, நீளமான, கொஞ்சம் அரசு அலுவலகம் மாதிரியான கட்டடம். அதன் ஆவணக் காப்பகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஹாலே வட்டத்திலிருந்து புறப்பட்ட சீகன்பால்கு 1706ல் தரங்கம்பாடியில் இறங்கினார். அதன் பிறகு வந்த கடிதங்களும் சுவடிகளும்தான் அவை. பிள்ளைகளைச் சேர்த்து வைத்து, சோறு போட்டு, எழுத்து சொல்லிக்கொடுத்து, கூடவே தகப்பன் அன்பைப் போதிப்பது என்கிற மாதிரி நம்மூருக்கு வந்த வழிகளில் இந்தக் கட்டடம் முக்கியமான ஒன்று.

இதே கட்டடத்தில், ஏழை இறையியல் மாணவர்களுக்கான இலவச அறையில், 1820களில் இரண்டு மாதம் தங்கியிருந்தவர் ஜார்ஜ் முல்லர். ஞாயிறு பள்ளிக்குப் போன எவருக்கும் முல்லரைத் தெரியும். காலிக் கோப்பைகளின் முன்னால் பிள்ளைகள் உட்கார்ந்து ஜெபிப்பார்கள், ரொட்டிக்காரர் கதவைத் தட்டுவார், பால் வண்டி வாசலிலேயே பழுதாகி நிற்கும். அந்த முல்லர்தான். பிரஷ்யாவில் 1805ல் பிறந்தவர். பிரிஸ்டலில் 1836ல் ஒரு வாடகை வீட்டில் அநாதை விடுதி ஆரம்பித்து, 1870 வாக்கில் ஆஷ்லி டவுன் குன்றின்மேல் ஐந்து பெரிய கட்டடங்களில் இரண்டாயிரம் பிள்ளைகளை வைத்துப் பராமரித்தவர். யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடவுளிடம் மட்டுமே கேட்பது என்பது அவருடைய விதி.

1837 முதல் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட வரலாற்றைக் கல்லூரிக் காலத்தில் பாதியிலேயே மூடிவிட்டேன். லைப்சிக்கில் முழுதாகப் படித்தேன். பன்னிரண்டு வருடமாக லாக் படித்து வயிறு வளர்ப்பவன் நான், அதனால் சொல்கிறேன்: அது ஒரு லாக் ஃபைல். தேதி, தொகை, எங்கிருந்து வந்தது, அன்றைக்கு என்ன தேவைப்பட்டது. சில்லிங், பென்ஸ், பழைய துணி, ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. பக்கம் பக்கமாக இதே. லாக் படிக்கிறவன் இருப்பதைவிட இல்லாததைத்தான் தேடுவான். முல்லரில் இல்லாதது குழந்தைகள். எண்ணிக்கையாக இருக்கிறார்கள், சில மரணப் படுக்கைகளிலும் மனமாற்றங்களிலும் தலைகாட்டுகிறார்கள். மற்றபடி ஒரு பிள்ளை எப்படிச் சிரிக்கும், எதற்கு அடம்பிடிக்கும் என்று ஆயிரம் பக்கத்துக்குப் பிறகும் நமக்குத் தெரியாது. சொந்த மகன் எலைஜா ஒன்றேகால் வயதில் 1835ல் இறந்துபோனதையே சில வரிகளில் கடந்துவிடுகிற மனிதர் அவர். விடுதி பற்றிய எண்ணம் அதே வருடம் நவம்பரில் வருகிறது. இரண்டையும் அவர் இணைத்துப் பேசுவதில்லை. என்னால் இணைக்காமல் இருக்க முடியவில்லை.

விடுதி தொடங்கியதற்கு மூன்று காரணங்களை அவரே வரிசைப்படுத்துகிறார். ஒன்று, தன்னை நம்பியவர்களைக் கைவிடாத கடவுளின் மகிமை வெளிப்பட வேண்டும். இரண்டு, பிள்ளைகளின் ஆன்ம நலம். மூன்றாவதாகத்தான் அவர்களுடைய உடல் நலம், வாழ்க்கை. மறைக்காமல் சொல்கிறார், அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கணக்கு தெளிவாக இருக்கிறது: குழந்தை ஒரு நிரூபணம். சேர்ப்பதற்கு நிபந்தனையும் இருந்தது. தாய் தகப்பன் இருவரையும் இழந்த பிள்ளையாக இருக்க வேண்டும், அவர்கள் முறையாகக் கல்யாணம் செய்துகொண்டவர்களாகவும் இருந்திருக்க வேண்டும். திக்கற்றவர்களின் தகப்பன் வீட்டு வாசலில் ஓர் இஃப் கண்டிஷன். புதிய ஏழைகள் சட்டம் 1834ல் வந்து, கஞ்சித் தொட்டி விடுதிகளில் பிள்ளைகள் நசுங்கிக்கொண்டிருந்த இங்கிலாந்து அது. அங்கே யாருக்கு இந்த வாசல் அதிகம் தேவைப்பட்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்த இடத்தோடு முல்லரை முடித்துவிடத்தான் நினைத்திருந்தேன். இருபது வயதில் முடித்தும் விட்டேன். ஆனால் லைப்சிக் அறையில், சம்பளம் ஏறியதும் நாகர்கோவில் கணக்குக்கு மாற்றிவிட்டு, பரிவர்த்தனை எண்ணை மனைவிக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு, மறுபடி அந்தப் பக்கங்களைத் திறந்தபோது வேறு மாதிரி இருந்தது. அந்த மனிதர் ஒவ்வொரு இரவும், நாளைக் காலைப் பாலுக்கு என்ன செய்வது என்ற நினைப்போடு படுத்திருக்கிறார். அறுபது வருடம். அந்தச் சில்லிங் கணக்கு குளிர்ந்த மனசுக்காரனின் கணக்கு இல்லை. குவைத்திலிருந்து வரும் பணத்துக்கும் அதே முகம்தான். 'பைசா யாரு அனுப்புவா' என்று அந்தப் பையன் கேட்டது பேராசையால் இல்லை. அவன் தன் அப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான். தினமும் பேசுகிற ஒரு தகப்பனைக் காட்டி அவன் அப்பாவை நான் குறைத்துவிட்டேன், அதற்கு அவன் ஒத்துக்கொள்ளவில்லை. முல்லரின் கடவுள் அந்த ஊர்ப் பாதிப் பிள்ளைகளுக்கு நன்றாகப் பழக்கமானவர். கண்ணில் படமாட்டார். தவறாமல் அனுப்புவார்.

முல்லரின் விதியை அப்படியே திருநெல்வேலிச் சீமைக்குக் கொண்டுவந்தவர் ஏமி கார்மைக்கேல். பணம் கேட்காமலே டோனாவூரை நடத்தியதைச் சொல்லவென்றே 1922ல் தனியாக ஒரு புத்தகம் எழுதினார். அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முல்லரின் லாக்கை அழகான ஆங்கிலத்தில் மறுபதிப்பு செய்த மாதிரி இருக்கும். அவருடைய வேறு புத்தகங்கள்தான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

வடக்கு அயர்லாந்தில் 1867ல் பிறந்தவர். மாவு ஆலை நடத்திய அப்பா அவருடைய பதினேழாம் வயதில் இறந்துவிடுகிறார். பிறகு ராபர்ட் வில்சன் என்ற வயதானவர் தன் வீட்டில் மகளாக வைத்துக்கொள்கிறார். கார்மைக்கேல் தன் முதல் புத்தகங்களில் வில்சன் பெயரையும் சேர்த்தே எழுதினார். அந்த முதியவரையும் விட்டுவிட்டுத்தான் 1893ல் கப்பல் ஏறுகிறார். முதலில் ஜப்பான், 1895ல் இந்தியா. வில்சன் 1905ல் இறந்தபோது அவர் இங்கேதான் இருந்தார். பரலோகத் தகப்பனைப் பற்றி எழுதுகிறவரின் பின்னால் இரண்டு தகப்பன்மார் இருக்கிறார்கள்: ஒருவர் விட்டுப் போனவர், ஒருவர் விடப்பட்டவர்.

திருநெல்வேலிக்கு வந்து தமிழ் படித்து, சில தமிழ்ப் பெண்களோடு சேர்ந்து மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். நட்சத்திரக் கூட்டம் என்று அந்தக் குழுவுக்குப் பெயர். 1901 மார்ச்சில் பிரீனா என்ற ஏழு வயதுப் பெண் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படுவதிலிருந்து தப்பி இவர்களிடம் வந்து சேர்கிறாள். கார்மைக்கேல் சொல்கிறபடி, முன்பு ஒரு தடவை பெற்ற தாயிடமே ஓடியிருக்கிறாள், தாய் திருப்பி அனுப்பிவிட்டாள். இந்தத் தடவை வந்தவள் வெள்ளைக்காரியின் மடியில் ஏறி உட்கார்ந்து அம்மா என்கிறாள். அதன் பிறகு ஒன்று, இரண்டு, பத்து, ஐம்பது. வண்டிப் பயணம் நின்றுபோகிறது.

கார்மைக்கேலின் வாழ்க்கையில் எனக்கு முக்கியமான இடம் இதுதான். பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். அவர் அதைக் கேட்டு, டோனாவூரின் கதையைச் சொல்லும் 1932ஆம் வருடத்து நூலில் எடுத்து வைத்திருக்கிறார். பிரசங்கியாகப் பெயர் வாங்கத் தொடங்கியவர், பால் புட்டி கழுவுவதும் பேதி பார்ப்பதுமாக உட்கார வேண்டியதாயிற்று. இதற்காகவா இத்தனை தூரம் வந்தோம் என்ற கேள்வி அவருக்கு இருந்தது. சீடர்களின் காலைக் கழுவ இயேசு துண்டை எடுத்த காட்சியில்தான் பதிலைக் கண்டுகொள்கிறார். கவனியுங்கள், அந்தப் பதில் தகப்பனைப் பற்றியதே இல்லை. துண்டைக் கட்டிக்கொண்டு குனிகிறவர் மகன். வேலைக்காரன் செய்கிற வேலை. அம்மா செய்கிற வேலை.

அதனால்தான் 1909ல் வந்த அவருடைய 'தாமரை மொட்டுகள்' (ஆங்கிலத்தில் லோட்டஸ் பட்ஸ்) முல்லரின் லாக்குக்கு நேர் எதிரான புத்தகமாகிறது. ஐம்பது புகைப்படங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர், பட்டப்பெயர், தனிக் குறும்பு. செல்லாலு என்று ஒருத்தி வருகிறாள், ஓரிடத்தில் இருக்க மாட்டாள், எந்தத் தண்டனையும் அவளிடம் செல்லாது. ஓயாமல் ஓலமிடுகிற ஒன்று வருகிறது, அது ஏன் அழுகிறது என்று கடைசிவரை யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பிள்ளையைப் பார்த்து எழுதுகிறபோது கார்மைக்கேலின் வாக்கியங்கள் வேகமெடுக்கின்றன, நகைச்சுவை வருகிறது. பாடம் சொல்ல ஆரம்பித்ததும் அதே வாக்கியங்கள் முட்டி போட்டு உட்கார்ந்துவிடுகின்றன. செல்லாலு சுவரேறிக்கொண்டிருக்கும்வரை அது இலக்கியம். அவள் வழியாகக் கடவுள் நமக்கு என்ன கற்பிக்கிறார் என்று தொடங்கும்போது நான் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், பாவமில்லை. தகப்பன் அன்பு என்று அவர் எதைச் சொல்ல விரும்பினாரோ, அது முன் பாதியிலேயே முழுதாக இருக்கிறது.

குழந்தைகள் இறந்தும் போனார்கள். தாய்ப்பால் இல்லாத கைக்குழந்தைகளை வளர்ப்பது அன்றைய திருநெல்வேலியில் சாதாரண வேலையில்லை. இந்திரநீலம் என்று பெயரிட்ட குழந்தை 1905 ஜனவரியில் போய்ச் சேர்கிறது. தோட்டத்துக்கு வந்த எஜமான் தனக்குப் பிடித்த பூவைப் பறித்துக்கொண்டார் என்ற மாதிரி எழுதித் தேற்றிக்கொள்கிறார். பக்தி நூல்களில் நூறு முறை வந்த படிமம். அதை அவர் திரும்பத் திரும்ப வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பதில்தான் அது அவருக்குப் போதவில்லை என்று எனக்குத் தெரிகிறது. முல்லரின் தகப்பன் கேட்டதைக் கொடுக்கிறவர். இந்தக் குழந்தைக்காகவும் அவர்கள் கேட்டுத்தான் இருப்பார்கள்.

சரி, இதுவரை சொன்னதை வைத்து இவரைக் கொண்டாடிவிட்டுப் போக முடியாது. டோனாவூர்ப் புத்தகங்களில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: பெற்ற தாய்கள். பிரீனாவின் தாய்க்கு ஒரு வரிகூடச் சொந்தமாகப் பேச வாய்ப்பில்லை. முத்தம்மாள் என்ற சிறுமியின் வழக்கு இன்னும் சிக்கல். அவளைத் தாயிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே பெண் மறைந்துவிட்டாள். முஸ்லிம் பையன் வேடத்தில் இலங்கைக்கும் அங்கிருந்து சீனாவுக்கும் போய், வருடங்கள் கழித்துத்தான் டோனாவூர் திரும்பினாள். தாய்க்குச் சொத்தின்மேல்தான் கண், பிள்ளையின்மேல் இல்லை என்பது டோனாவூர்த் தரப்பு. இருக்கலாம். ஆனால் அந்தத் தாய் கடைசிவரை எதிர்த்தரப்பாகவே இருந்து மறைகிறாள். தேவதாசிக் குடும்பங்களில் பெண்களுக்கு இருந்த வேறு வாழ்க்கைகள், கலை, சொத்து, அவமானம், இவற்றையெல்லாம் இன்றைய ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். கார்மைக்கேலுக்கு அது ஒரே இருட்டு. அதே வழக்கத்தை எதிர்த்த முத்துலட்சுமி ரெட்டி, இசை வேளாளர் தாய்க்குப் பிறந்தவர், அந்தப் பெண்களுக்குச் சட்டமும் வீடும் வேண்டும் என்று கேட்டார். அவர் போராடிய சட்டம் 1947ல் வந்தது. அவருக்கு அந்தத் தாய்கள் இருட்டில்லை, சொந்தக்காரர்கள். இதை ஒப்பிடுவது கார்மைக்கேலைத் தூக்கில் போட இல்லை. கடவுளைத் தகப்பனாகக் காட்ட வேண்டும் என்றால், பெற்றவர்களைக் கொஞ்சம் கீழே இறக்கத்தான் வேண்டியிருக்கிறதோ என்ற சந்தேகத்தால்தான். முல்லர் பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளை மட்டும் எடுத்தார். கார்மைக்கேல் பெற்றவர்கள் இருந்தும் எடுத்தார். நானும் என் பங்குக்கு, ஒரு மூன்றாம் வகுப்புப் பையனின் குவைத் அப்பாவோடு கடவுளைப் போட்டிக்கு நிறுத்தினேன்.

தமிழில் இந்தச் சிக்கல் இன்னும் ருசியாக இருக்கிறது. நம் பைபிளில் கடவுள் பெரும்பாலும் பிதா. எழுந்து நின்று சொல்ல வேண்டிய சொல். மூன்றே இடங்களில் மட்டும், அரமேயச் சொல்லான அப்பாவை கிரேக்க மூலம் அப்படியே வைத்திருப்பதால், தமிழிலும் அது அப்பா என்று வந்துவிடுகிறது. வேறு பல மொழிக்காரர்கள் அடிக்குறிப்பைத் தேட வேண்டிய இடத்தில் நம்மூர்ப் பிள்ளை தன் வீட்டுச் சொல்லைக் கண்டுபிடிக்கிறது. ஆனால் பிள்ளைகள் அந்த அப்பாவைப் பிதாவுக்குக் கொடுக்கவில்லை. மகனுக்குக் கொடுத்துவிட்டார்கள்: ஏசப்பா. இறையியல்படி குழப்பம்தான், மகனைப் போய் அப்பா என்பது. எந்த ஆயரும் திருத்தியதாகத் தெரியவில்லை. துண்டு கட்டிக் குனிந்தவன் யாரோ அவனுக்கே அந்தச் சொல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்த மூன்று இடங்களில் ஒன்று மாற்கு சுவிசேஷத்தில் கெத்செமனே தோட்டம். பிடிபடப் போகிற இரவில் மகன் அப்பா என்று கூப்பிட்டு, இதிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கேட்கிறான். பதில் இல்லை. மறுநாள் சிலுவையில் அதே மாற்குவில் அவன் அப்பா என்றுகூடக் கூப்பிடுவதில்லை, கடவுளே என்றுதான் கூப்பிடுகிறான். அப்போதும் பதில் இல்லை. அந்த நாள் வெள்ளிக்கிழமை. அந்தப் பையனின் கேள்விக்கு நான் கையேட்டில் இல்லாத ஒரு பதிலைச் சொல்லியிருக்க முடியும்: இல்லடே, ஒரு வெள்ளிக்கிழமை அவரும் பேசல. அதை எட்டு வயதுப் பிள்ளையிடம் சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கார்மைக்கேல் 1931ல் ஒரு குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அதன் பிறகு 1951ல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான். காலைக் கட்டிப்போட்ட பிள்ளைகள் இப்போது வளர்ந்து அவரைக் கழுவித் துடைத்தார்கள். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தார். அவர்கள் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை அங்கே வைத்தார்கள். அதில் அம்மா என்ற சொல்தான் இருக்கிறது. அவர் கற்பிக்க வந்ததைக் காட்டிலும் பிள்ளைகள் கற்றுக்கொண்டதைத்தான் அந்தச் சொல் காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

ஹாலேயிலிருந்து திரும்பிய அன்று மதியம் வீடியோவில் மகளைக் கூப்பிட்டேன். பெரிய கட்டடம், ஓலைச்சுவடி, ரயில் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். "ம்" "ம்" என்றவள் நடுவில் பக்கத்து வீட்டுப் பூனையைப் பார்த்ததும் போனைக் கட்டிலில் போட்டுவிட்டு ஓடிவிட்டாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் அவள் சத்தம் கேட்டது, பூனையைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஜெர்மனியில் எனக்கு இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. லைனைக் கட் பண்ணாமல் அப்படியே வைத்திருந்தேன்.